யாரும் மிதிக்காத புல்லுக்குத் தண்ணீர் இல்லை

சென்ற மாதம், சிட்னியில் நான் வேலை பார்த்த நீர் வழங்கல் நிறுவனத்தில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த பரிசோதகர்களுடன் ஒரு காலைப்பொழுது பேச முடியுமா என்று கேட்டார்கள். போனேன். அவர்கள் இப்போது புல்வெளிகளை வானத்தில் இருந்து எடுத்த படங்களில் பார்க்கிறார்கள். ஈரமான புல் திரையில் ஒரு நிறம், காய்ந்த புல் இன்னொரு நிறம். தண்ணீர் மானிகள் தாமாகவே அளவை அனுப்பிவிடுகின்றன. வாகனத்தில் அலைந்து, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நாய் குரைக்கப் பின்வாங்கிய எங்கள் வேலையில் பாதி இன்று மேசையிலேயே முடிந்துவிடுகிறது. நல்லதுதான்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார். "புல் பச்சையா இல்லையா என்று படம் சொல்லிவிடும். அது அலங்காரப் புல்லா, ஆட்கள் பயன்படுத்தும் புல்லா என்று நீங்கள் எப்படித் தீர்மானித்தீர்கள்?"

என் வேலையே அந்தக் கேள்விதான். அங்கே சுருக்கமாகப் பதில் சொன்னேன். இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது கடைசியாக வந்த பெரிய வறட்சிக் காலம். அணைகள் இறங்கிக்கொண்டே போயின. அலுவலகக் கட்டடங்கள், கடைத்தொகுதிகள், அடுக்குமாடிகள் ஆகியவற்றின் பொதுப் புல்வெளிகளுக்கு எங்கள் பிரிவு நடைமுறைப்படுத்திய விதி இரண்டு வரிக்குள் அடங்கும். பார்ப்பதற்கு மட்டுமே இருக்கும் புல்லுக்குக் குடிநீர் கிடையாது. மக்கள் நடந்து, இருந்து, விளையாடிப் பயன்படுத்தும் புல்லுக்கு, விண்ணப்பித்து அனுமதி பெற்றால், குறைந்த அளவு உண்டு. விதி எளிது. ஆனால் தண்ணீர் வேண்டியவர்கள் எல்லோரும் தங்கள் புல் இரண்டாவது வகை என்றார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த வழி சுற்றுவழி. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். பிறர் எழுதிய செய்தியைச் சுருக்குவதும் சந்தேகிப்பதும் என் தொழில். சிட்னிக்கு வந்தபின் அலுவலகங்கள் துப்புரவாக்கினேன், பொதி கட்டும் தொழிற்சாலையில் நின்றேன், பின்பு தண்ணீர் மானி வாசிப்பவனாகத் தெருத்தெருவாக நடந்தேன். மாலை வகுப்பில் ஒரு சான்றிதழ் எடுத்தபின் பரிசோதகன் ஆனேன். அதற்கு மேல் அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

எங்கள் பிரிவின் தலைவி ஹெலன். உயரமானவர், மெல்லிய குரல், எந்த வெயிலிலும் தடித்த தோல் பூட்ஸ். என் முதல் அறிக்கையைக் கையில் எடுத்து, "செழிப்பான", "தாராளமாக", "வெளிப்படையாகவே" என்ற மூன்று சொற்களின் கீழ் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். "இவற்றை நீ பார்த்தாயா, நினைத்தாயா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பழைய ஆசிரியர் பீடத்துக்கே திரும்பிவிட்டதுபோல் இருந்தது.

அவர் பழக்கிய முறை இது. இடத்துக்குப் போனதும் உள்ளே நுழையக் கூடாது. முதலில் நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும். சீமெந்து விளிம்பு ஈரமா, பாசி பிடித்திருக்கிறதா, வடிகாலில் நீர் ஓடிய தடம் உண்டா. பிறகு அந்த இடத்துக்குப் பொறுப்பானவரை அழைத்து, அவர் முன்னிலையில் மானியை வாசிக்க வேண்டும். பின்பு மண். ஒரு சிறு குழாயை மண்ணில் இறக்கி எடுத்தால் ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும். கடைசியாகத்தான் புல்லின் மேல் நடக்க வேண்டும். மக்கள் பாவிக்கும் புல்லில் குறுக்கே ஒரு தேய்ந்த தடம் இல்லாமல் இருக்காது. வாசலுக்கும் பேருந்துத் தரிப்பிடத்துக்கும் நடுவில் புல் இருந்தால், யார் என்ன பலகை வைத்தாலும் மனிதக் கால் குறுக்கால்தான் போகும்.

பரமட்டாப் பக்கம் ஓர் அலுவலகத் தொகுதி. முகப்பில் பெரிய புல்வெளி. பராமரிப்பு முகாமையாளர் எங்களை வரவேற்று, ஊழியர்கள் மதியம் அங்கே இருந்துதான் சாப்பிடுகிறார்கள் என்றார். ஹெலன் தலையாட்டினார். புல்வெளியைச் சுற்றி இடுப்புயர வேலிச்செடி. நாங்கள் அதைச் சுற்றி முழுவதுமாக நடந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

"உள்ளே போகும் வழி எது?" என்று ஹெலன் கேட்டார்.

முகாமையாளர் இடமும் வலமும் பார்த்தார். வழி இல்லை. புல் வெட்டும் இயந்திரத்தை இறக்குவதற்காக ஒரு மூலையில் செடியை ஒதுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவரே சிரித்துவிட்டார். அன்று மாலையே தண்ணீர் நிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு நிமிர்வு இருக்கும்.

ஹோம்புஷ் அடுக்குமாடி அப்படி முடியவில்லை.

ரயில் நிலையத்துக்குக் கிட்ட, மூன்று கட்டடங்கள் நடுவில் ஒரு சதுரப் புல்வெளியைச் சுற்றி நின்றன. குடியிருந்தவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். கோயம்புத்தூர், சென்னைப் பக்கத்துக் கணினித்துறைக் குடும்பங்கள், எங்கள் ஊர்க் குடும்பங்கள், வாடகைக்கு இருக்கும் மாணவர்கள். உரிமையாளர் குழுவின் தலைவர் ரகுநாதன், கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் நிறுவனமொன்றில் உயர்பதவி. அந்தப் புல்வெளி அவர் உருவாக்கியது. வீடு விற்கும் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் முதற்படம் அதுதான்.

அதைப் பராமரித்தவர் நேசன். வன்னியில் இருந்து படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தபோதே எனக்கு அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆட்களுடன் நானும் அங்கே சாப்பாடு கொண்டு போவேன். வெளியே வந்தபின் ஒரு பழைய பிக்கப்பும் புல் வெட்டும் இயந்திரமும் வாங்கித் தனி ஆளாகத் தொழில் தொடங்கினார். அவருடைய சிறு வேலைகளில் நிரந்தரமானது இந்த ஹோம்புஷ் ஒப்பந்தம் ஒன்றுதான். மனைவியும் மகளும் தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் நிலையான வேலை காட்டுவது உதவும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். புல் போனால் ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால் மனைவியும் மகளும் வருவது இன்னும் தள்ளிப்போகும்.

பரிசோதனைப் பட்டியலில் அந்த இடத்தின் பெயரைப் பார்த்தவுடனேயே ஹெலனிடம் போய் நேசனைத் தெரியும் என்று சொன்னேன். "அதை அறிக்கையின் முதல் வரியாக எழுது. உன்னுடன் நானும் வருவேன், இரண்டு கையெழுத்து இருக்கும்" என்றார்.

விண்ணப்பத்தில் ரகுநாதன், குடியிருப்பாளர்கள் புல்வெளியை ஒவ்வொரு நாளும் பயன்படுத்துவதாக எழுதியிருந்தார். பரிசோதனை ஒரு சனிக்கிழமைக் காலை. நாங்கள் நடைபாதையில் நின்று பார்த்தபோதே உள்ளே திருவிழாக் கூட்டம். புல்லின்மேல் பாய்கள். டிபன் கரியர்கள் திறந்திருந்தன. பட்டுச்சேலை கட்டிய பெண்கள் இட்டிலி பரிமாறினார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையுடன் நின்றார்கள்.

"வாங்க சார், வாங்க மேடம்! சாப்பிட்டுட்டே பேசலாம்," என்று ரகுநாதன் கையை விரித்துக்கொண்டு வந்தார். "எங்க ஆளுங்க வீக்கெண்ட்னா இங்கதான். வீட்டுக்குள்ள நிக்கவே மாட்டாங்க."

ஹெலன் புல்வெளியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். சீமெந்து ஓரத்தில் செருப்புகளும் சப்பாத்துகளும் நேர் வரிசையில் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. கோயில் வாசலில்கூட இவ்வளவு ஒழுங்கு நான் கண்டதில்லை. யாரும் சொல்லிச் செய்ததல்ல அது. எங்கள் ஆட்கள் மதிப்பான ஓர் இடத்தில் கால் வைக்கும்போது கை தானாகச் செருப்புக்குப் போய்விடுகிறது. நாள்தோறும் புழங்கும் புல்லுக்கு எவரும் அப்படிச் செய்வதில்லை.

ஹெலன் குனிந்து பூட்ஸ் நாடாக்களை அவிழ்த்து, இரண்டையும் கழற்றி, அந்த வரிசையின் கடைசியில் வைத்தார். காலுறையுடன் புல்லில் ஏறினார். இட்டிலிக் கரண்டி பிடித்திருந்த ஒரு பெண் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

அப்போது சீமெந்துத் தரையில் ஆடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் பந்தை ஓங்கி அடித்தான். அது உருண்டு புல்லின் நடுவில் போய் நின்றது. துரத்திய பிள்ளைகள் நாலைந்து பேரும் விளிம்பில் ஒரே நேரத்தில் நின்றார்கள், சுவரில் மோதியதுபோல். எல்லோரும் ரகுநாதனைப் பார்த்தார்கள்.

"அங்கிள், ஆர் வீ அலவ்ட்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போம்மா, போ! எடு! என்ன புதுசாக் கேக்கற?" என்று ரகுநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

ஹெலன் அந்தப் பிள்ளையிடம் வழக்கமாக எங்கே விளையாடுவீர்கள் என்று கேட்டார். கார் நிறுத்தும் இடத்தில் என்றாள் அவள்.

பிறகு நாங்கள் எங்கள் முறைப்படி வேலையைச் செய்தோம். மானி வாசித்தோம். மண் எடுத்தோம். நான் புல்லின் குறுக்கே நடந்தேன். மூன்று கட்டடங்களுக்கும் ரயில் நிலையத்துக்கும் குறுக்குவழி அந்தப் புல்தான். ஆனால் ஒரு தேய்வுகூட இல்லை. பாய்களில் கடையில் மடித்த மடிப்பு இன்னும் நிமிரவில்லை. வாசற்பக்க மூலையில் புதிதாகத் தோண்டிய இரண்டு குழிகள், நடுவில் ஒரு பலகை அகலத்துக்கு இடைவெளி. என்ன பலகை என்று ஓரத்தில் நின்ற நேசனைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புல்லில நடக்கக் கூடாது எண்டு எழுதின போர்ட் அண்ணை. நேற்றுக் கழட்டச் சொன்னவை. கழட்டினனான்."

கார் நிறுத்துமிடத்தில் அவர் தன் இயந்திரத்தை வண்டியில் ஏற்றும்போது நான் கிட்டப் போனேன்.

"அண்ணை, ஆக்கள் இருந்தவை தானே. உங்கட கண்ணால பாத்தனீங்கள். அதை மட்டும் எழுதுங்கோ, காணும்."

"மற்றதையும் பாத்தனான் நேசன்."

"யாழ்ப்பாணத்தில பேப்பரில வேலை செய்த ஆள். ஒரு வரியை மாத்தி எழுதத் தெரியாதோ?"

"தெரியும். அதாலதான் மாத்தேல்லை."

அவர் வண்டிக் கதவை அடித்துச் சாத்தினார். "வில்லாவுட்டுக்குச் சோறு கொண்டு வந்தனீங்கள். இப்ப அதைத் திருப்பி எடுக்கிறியள்," என்றார். எனக்கு அது பட்டது.

திரும்பும் வழியில் ஹெலன் சொன்னார். "இன்று அந்தப் புல்லில் மக்கள் இருந்தார்கள். அது உண்மை, எழுது. அவர்கள் அங்கே இருந்து பழக்கமில்லாதவர்கள். அதற்கு நீ கண்டவற்றையும் எழுது. முடிவை வாசிப்பவருக்கு விடு." எழுதினேன். செருப்பு வரிசை, பந்து, பாய் மடிப்பு, இரண்டு குழிகள். அந்த அறிக்கையில் ஒரு பெயரடைகூட இல்லை. என் தொழில் வாழ்வில் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். புல் அலங்காரப் புல் என்று தீர்ப்பாகி, தண்ணீர் நிறுத்தப்பட்டது.

சதுரம் பழுப்பாகத் தொடங்கியது. நேசனை வாரத்தில் ஒரு நாள் மட்டும் வரச் சொன்னார்கள். மீதி நாட்களில் அவர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். கோயிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்க வரிசைக்கு மாறிவிடுவார்.

விதியில் இன்னொரு பகுதி இருந்தது. நிலைமை மாறினால் உரிமையாளர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதற்கு, புல்லைப் பயன்படுத்தத் தடை எதுவும் இருக்கக் கூடாது. பரப்பைக் குறைக்க வேண்டும், மீதியில் தண்ணீர் கேட்காத செடிகள் நட வேண்டும். அறிவித்தலில் இது கடைசிப் பக்கம். யாரும் கடைசிப் பக்கம் வாசிப்பதில்லை என்பது செய்தித்தாளில் வேலை செய்த எனக்குத் தெரியும். அவர்களுடைய கூட்டத்துக்குப் போய் விளக்கலாமா என்று ஹெலனிடம் கேட்டேன். "விளக்குவதும் எங்கள் வேலைதான். எப்படி வாக்களிப்பது என்று மட்டும் சொல்லாதே," என்றார்.

கூட்டம் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில், மடக்குக் கதிரைகளில். நான் விதியை வாசித்து விளக்கினேன். புல்லில் கால் வைத்தால் தண்டம் என்று அவர்களே போட்டிருந்த உள்விதிதான் முதல் தடை என்றும் சொன்னேன்.

ரகுநாதன் எழுந்தார். "சார், அந்த ரூல் இல்லேன்னா மூணே மாசத்துல மைதானம் ஆயிடும். நாங்க காசு போட்டு வாங்கினது ஒரு கார்டன் வியூ. கார்டன் வியூன்னா பாக்கறதுக்குத்தான்."

இரண்டாவது வரிசையில் செல்வி அன்ரி. மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், பருத்தித்துறைக்காரர். கையைத் தூக்காமலே பேசினார்.

"தம்பி ரகு, இவ்வளவு காலமும் அந்தப் புல்லை யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு இருக்கிறம். சாமிப் படத்துக்குக்கூட நாங்கள் கிட்டப் போறனாங்கள்."

சிரிப்பு எழுந்தது. ரகுநாதனும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "கால் பட்டா புல் போயிடும் ஆன்ட்டி."

"இப்ப ஒருத்தற்ற காலும் படேல்லை. போகேல்லையோ? வெளியில வந்து பாருங்கோ. விசுக்கோத்து நிறம்."

ரகுநாதன் தொலைபேசியில் எதையோ தட்டிப் பார்த்தார். காய்ந்த சதுரத்தின் படம் விளம்பரத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும். "சரி, எடுத்துடலாம்," என்று உள்விதியை நீக்கும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். கைகள் உயர்ந்தன. நேசன் கூட்டத்தில் இல்லை. ஒப்பந்தக்காரருக்கு அங்கே இடமில்லை. சதுரத்தின் ஒரு பாதியைச் செடிகளாக மாற்றும் வேலையை அவருக்கே கொடுப்பதாகவும் அன்றே தீர்மானித்தார்கள்.

புதிய விண்ணப்பம் வந்தது. அனுமதி கிடைத்தது. பல மாதங்கள் கழித்துப் பின்தொடர் பரிசோதனைக்கு நான் தனியாகப் போனேன். ஹெலன் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். நடைபாதையில் நின்று பார்த்தேன். ஒரு பாதியில் உள்ளூர்ச் செடிகளும் மரச் சிராய்களும். மறு பாதி புல், ஆனால் விளம்பரப் புல் அல்ல. பந்து வீசும் இரண்டு முனைகளிலும் மண் தெரிந்தது. வாசலில் இருந்து ரயில் பக்கம் தடம் ஒன்று விழுந்திருந்தது. மண் குழாயில் ஈரம் அனுமதித்த ஆழத்துக்குள் இருந்தது. மானி முன்னைய அளவில் ஒரு சிறு பங்கைத்தான் காட்டியது.

ரகுநாதன் மேல்மாடத்தில் இருந்து கூப்பிட்டார். "பாத்தீங்களா சார், என் புல்ல என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு? என் பொண்ணுதான் ஓப்பனிங் பவுலர்!" குறை சொல்லும் குரல்தான், ஆனால் கடைசி வார்த்தை அப்படி ஒலிக்கவில்லை.

நேசன் ஒரு மூலையில் முழந்தாளில் இருந்தார். பழையபடி வாரம் முழுக்க வருவதாகச் சொன்னார். பார்க்கிற புல்லை வெட்டிவிட்டால் முடிந்தது. பிள்ளைகள் ஓடுகிற புல்லுக்கு மண் குத்தி இளக்க வேண்டும், விதை போட வேண்டும், விக்கெட்டை வாரத்துக்கு வாரம் இடம் மாற்ற வேண்டும்.

"தண்ணியை வெட்டினியள், எனக்கு வேலையைக் கூட்டிப் போட்டியள்," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் பேசினார்.

"வீட்டில?"

"அவைக்கு விசா இன்ரவியூ முடிஞ்சுது அண்ணை. ரகு வேலைக் கடிதம் எழுதித் தந்தவர். இனிப் பாப்பம்."

நான் கோப்பை மூடி, வாகனத்துக்குப் போகப் புல்லின் ஓரமாகத் திரும்பினேன்.

"அண்ணை, அந்தப் பக்கத்தால போகாதேங்கோ. இப்பதான் விதை போட்டனான்," என்று நேசன் கையைக் காட்டினார். "நடுவால நடவுங்கோ. அது தாங்கும்."

நடுவால் நடந்தேன்.